பளபளன்னு இருந்தா சுத்தமா? பித்தளையிலிருந்து எவர்சில்வருக்கு வந்த கதை

இன்னிக்கு எபிசோடு முழுக்கப் பாத்திரம் தேய்க்கிறது பத்தித்தான். போர், கப்பல், கல்வெட்டுன்னு பேசிட்டிருந்த நிகழ்ச்சியில இது என்ன புதுசான்னு கேப்பீங்க. சமையலறைச் சுத்தம் பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு பல பேர் கேட்டுட்டே இருந்தாங்க. டிப்ஸ் சொல்ற சேனல் நிறைய இருக்கு, அதை நான் செய்யப் போறதில்ல (கடைசியில கொஞ்சம் செய்வேன்). எனக்கு ஆர்வமா இருந்தது வேற ஒரு கேள்வி. ஒரு பாத்திரம் சுத்தமா இருக்குன்னு நாம எதை வெச்சு முடிவு பண்றோம்? அந்த அளவுகோல் எங்கேயிருந்து வந்தது?

ஒரு சொல்லில் இருந்து தொடங்குவோம். 'பத்துப் பாத்திரம் தேய்க்கிறது'ன்னு சொல்றோம் இல்லையா? அந்தப் பத்து எண்ணிக்கை கிடையாது. 'பற்று' என்பதன் பேச்சு வடிவம். பற்றிக்கொண்டது, ஒட்டிக்கொண்டது. சோறு வடித்த பானையின் அடியிலும் சாப்பிட்ட தட்டிலும் ஒட்டிக் காய்ந்துபோன பருக்கை. அது ஒட்டியிருக்கும் பாத்திரம் பத்துப் பாத்திரம். இதுவரைக்கும் இது கண்ணுக்குத் தெரியற அழுக்கு, சண்டையில்ல.

ஆனால் அதே 'பத்து'க்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஆசாரம் பார்க்கும் வீடுகளில், குறிப்பாகப் பிராமண வீடுகளில், வெந்த சோறே 'பத்து'. அதைத் தொட்ட கையால் தயிர்ப் பாத்திரத்தையோ நெய்க் கிண்ணத்தையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக் கூடாது. தண்ணீர் தொட்டுக் கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தொடலாம். இதோடு சேர்ந்து எச்சில் என்ற விதி, தீட்டு என்ற விதி. அதாவது கண்ணுக்குத் தெரியும் அழுக்கைக் குறிக்கும் அதே சொல், கண்ணுக்குத் தெரியாத ஒரு அசுத்தத்துக்கும் பெயராக இருந்தது. இந்த இரட்டை அர்த்தத்தை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி இதுக்குத் திரும்ப வருவோம், அங்கதான் விஷயமே இருக்கு.

இப்போ பாத்திரத்துக்கு வருவோம். 'அந்தக் காலத்துல எல்லார் வீட்லயும் பித்தளைதான்'னு ஒரு கதை சுத்திக்கிட்டிருக்கு. அப்படியெல்லாம் இல்லை. ஏழை வீடுகளில் மண்சட்டி, மண்பானை, கொட்டாங்கச்சி அகப்பை, இவ்வளவுதான். பித்தளைக் குடம், தவலை, அண்டா, குண்டா, வெங்கலப்பானை எல்லாம் கொஞ்சமாவது வசதி இருந்த வீட்டுச் சொத்து. சொத்துன்னு சும்மா சொல்லலை. எடை போட்டு விற்கலாம், அடகு வைக்கலாம். மாசக் கடைசியில் அண்டா அடகுக் கடைக்குப் போய், கையில் காசு வந்ததும் வீடு திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

மண்ணுக்கும் உலோகத்துக்கும் சுத்தத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. மண்பாத்திரத்தில் நுண்துளைகள் உண்டு. எண்ணெயும் குழம்பும் உள்ளே ஊறும், முழுசாக வெளியே வராது. அதனால் பழைய ஆசார விதிகளில் தீட்டுப்பட்ட மண்பாத்திரத்தைத் தூக்கி எறிவதுதான் வழக்கம். உலோகப் பாத்திரத்தைக் கழுவித் திரும்ப எடுத்துக்கலாம். மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் எந்தப் பொருளை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு நீளமான பகுதியே இருக்கிறது. செம்பு, பித்தளை, ஈயம் போன்றவற்றுக்குச் சொல்லப்படும் வழி காரம், புளிப்பு, தண்ணீர். நம்ம ஊர் மொழியில சாம்பலும் புளியும்! அந்த நூலோட எனக்கு நிறையப் பிரச்சினை இருக்கு. ஆனா இந்த ஒரு இடத்துல கெமிஸ்ட்ரி சரி.

எப்படிச் சரி? விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. தண்ணீரில் கரைந்தால் அது காரம். காரம் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் கொஞ்சம் சோப்பு மாதிரி ஆகிவிடும். மீதி இருக்கும் கரையாத பொடி, தேய்க்க உதவும் சொரசொரப்பு. பொட்டாசியம் என்ற பெயரே சாம்பலில் இருந்து வந்ததுதான். சாம்பல் கரைசலைப் பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்கு ஆங்கிலத்தில் 'பொட்டாஷ்', அதாவது பானைச் சாம்பல். 1807இல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் செலுத்திப் பிரித்தெடுத்த உலோகத்துக்கு அந்தப் பெயரையே வைத்தார். நம்ம கொல்லைப்புறத்துத் தேங்காய் நாரும் சாம்பலும் லேசுப்பட்ட விஷயமில்ல.

புளி வேற வேலை செய்கிறது. அதில் இருக்கும் டார்டாரிக் அமிலம், பித்தளை மேல் காற்றுப் பட்டுப் படிந்த கருப்பு ஆக்சைடைக் கரைக்கும். அதனால்தான் புளி போட்டுத் தேய்த்த குடம் தங்கம் மாதிரி மின்னும். ஆக, எண்ணெய்க்குச் சாம்பல், கறைக்குப் புளி. தேவைப்பட்டால் செங்கல் பொடி. விசேஷத்துக்கு முந்தின நாள் பரணில் இருந்து அண்டா குண்டாவையெல்லாம் இறக்கி இப்படித் தேய்க்க ஒரு நாள் முழுக்க ஆகும். தேய்த்தது யார்னு நான் சொல்லணுமா?

இங்கேதான் சிக்கல். பித்தளையைக் கரைத்துப் பளபளப்பாக்கும் அதே புளி, சமைக்கும்போதும் பித்தளையைக் கரைக்கத்தானே செய்யும்? நம்ம சாப்பாடோ குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாகப் புளிப்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பும் காற்றும் சேர்ந்தால் செம்பு கரைந்து உப்பாகிறது. பச்சையும் நீலமுமாகப் பாத்திரத்தில் பூக்கும் அதுக்குப் பெயர் களிம்பு. களிம்பு ஏறிய பாத்திரத்தில் வைத்த குழம்பைச் சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டும், வாந்தி எடுக்கும். (இன்னிக்குக் களிம்புன்னா மெடிக்கல் ஷாப்ல வாங்குற ஆயின்ட்மென்ட். சொல்லோட வாழ்க்கையைப் பாருங்க.)

களிம்பு எவ்வளவு பழகிய விஷயம் என்பதற்கு ஒரு சாட்சி எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் உயிரோடு தொடக்கத்தில் இருந்தே ஒட்டியிருக்கும் ஆணவ மலத்தை விளக்கச் சொல்லப்படும் உவமை செம்பில் களிம்பு. வெளியே இருந்து வந்து படிந்த அழுக்கு இல்லை, செம்போடு கூடவே இருப்பது. தினமும் தேய்த்தாலும் மறுபடி வரும். தத்துவம் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் சமையலறையில் அந்தப் பச்சை நிறம் பழகியிருந்ததால்தான் அந்த உவமை எடுபட்டிருக்கும்.

இதற்கு நம் ஆட்கள் கண்ட தீர்வு ஈயம் பூசுவது. 'பாத்திரத்துக்கு ஈயம் பூசறதே' என்று தெருவில் கூவிக்கொண்டு வருவார்கள். இதைப் பார்த்தவங்க இப்ப நம்ம லிசனர்ஸ்ல குறைவாத்தான் இருப்பீங்க, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். தெருவோரம் சின்னக் குழி தோண்டி, அதில் கரி போட்டு, துருத்தியால் ஊதி நெருப்பை ஏற்றுவார்கள். பாத்திரத்தை அதன் மேல் கவிழ்த்துச் சூடாக்குவார்கள். சூடேறியதும் உள்ளே நவச்சாரம் தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கில் ஏறும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது பிரிந்து ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். அந்த அமிலம் பித்தளை மேல் இருக்கும் ஆக்சைடைத் தின்றுவிடும். இப்போது வெள்ளீயக் குச்சியால் ஒரு இழு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும், அதனால் பட்டதுமே வெண்ணெய் மாதிரி ஓடும். பஞ்சையோ துணியையோ கையில் சுற்றிக்கொண்டு ஒரே சுழற்று. மஞ்சள் பாத்திரத்தின் உள்பக்கம் கண் முன்னாடி வெள்ளி ஆகும். அப்படியே தண்ணீரில் முக்கினால் 'சொய்ங்'.

எலக்ட்ரானிக்ஸ் லேபில் சால்டரிங் செய்தவர்களுக்கு இது உடனே புரியும். ஃப்ளக்ஸ் போட்டுச் சுத்தம் செய்து அதன் மேல் டின் ஏற்றுவது. அதே வேலை, கொஞ்சம் பெரிய சைஸ்ல, தெருவில.

பூச்சு நிரந்தரம் இல்லை. தேய்க்கத் தேய்க்கத் தேயும். சாம்பலும் செங்கல் பொடியும் போட்டு உள்ளே அழுத்தித் தேய்த்தால் சீக்கிரமே மஞ்சள் எட்டிப் பார்க்கும். அப்போது மறுபடி பூச வேண்டும். காலிப் பாத்திரத்தை அடுப்பில் மறந்தாலும் பூச்சு உருகி ஓடிவிடும். முழுக்க வெள்ளீயத்திலேயே செய்த ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறவர்களுக்கு இது இன்னும் நல்லாத் தெரியும். உள்ளே தண்ணி இருக்கிற வரைக்கும் நூறு டிகிரியைத் தாண்டாது, சொம்பு பிழைக்கும். வற்றிவிட்டால் சொம்பும் இல்லை, ரசமும் இல்லை.

ஆனா இதைவிடப் பெரிய ஆபத்து சொல்லுக்குள்ளேயே ஒளிஞ்சிருக்கு. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு. வெள்ளீயம் என்பது டின். காரீயம் என்பது லெட். முதலாவது சாப்பாட்டுப் பாத்திரத்துக்குச் சரி. இரண்டாவது விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது, அதிலும் பாதுகாப்பான குறைந்த அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது. காரீயம் மலிவு. வெள்ளீயத்தோடு கலந்தால் இன்னும் குறைந்த சூட்டில், 183 டிகிரியிலேயே, உருகும் கலவை கிடைக்கும். பூசுபவருக்கு வேலை சுலபம், காசு மிச்சம். பார்ப்பவருக்கு இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். சுத்தமான வெள்ளீயக் கட்டியை வளைத்தால் 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே படிகங்கள் நழுவுவதால் வருவது, உலோகவியலில் அதற்கு 'டின் க்ரை', வெள்ளீயத்தின் அழுகை, என்றே பெயர். ஆனால் பூசி முடித்த பாத்திரத்தை யாரும் வளைத்துப் பார்க்க முடியாதே.

இங்க கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு சொல்லணும். பித்தளைச் சமையலறையில் 'பளபளன்னு இருக்கு' என்பது வெறும் அழகு இல்லை. அது ஒரு டெஸ்ட். மங்கலாக இருந்தால் ஆக்சைடு, பச்சையாக இருந்தால் களிம்பு, உள்ளே மஞ்சள் தெரிந்தால் ஈயம் போய்விட்டது. கண்ணால் பார்த்தே பாஸா ஃபெயிலா என்று சொல்லிவிடலாம். காரீயக் கலப்படம் மட்டும்தான் இந்த டெஸ்ட்டில் பிடிபடாது. 'பாத்திரத்துல முகம் தெரியணும்' என்று மருமகளை அதட்டிய மாமியாரின் அதட்டலுக்குள் அதிகாரமும் இருந்தது, ஒரு உண்மையான காரணமும் இருந்தது.

அந்த டெஸ்ட்டை அர்த்தமில்லாமல் ஆக்கிய உலோகம் பிறந்தது இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். ஹாரி பிரியர்லி, 1871இல் பிறந்தவர். அப்பா எஃகு உருக்கும் தொழிலாளி. பையனும் பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு அதே ஆலைக்கு வேலைக்குப் போனான். படிப்படியாகக் கற்று, ஆராய்ச்சிக் கூடத்துக்கே தலைவரானார். துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் அரித்துப் போகின்றன, அதற்கு வழி கண்டுபிடி என்பது அவருக்கு வந்த வேலை. 1913 ஆகஸ்டில், 12.8 சதவீதம் குரோமியம் கலந்த ஒரு எஃகை உருக்கினார். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக, வழக்கம்போல அமிலம் தடவி அரிக்க வைக்கப் பார்த்தார். அரிக்கவில்லை. வேற யாராவது இருந்தா 'சாம்பிள் சரியில்ல'ன்னு அடுத்ததை எடுத்திருப்பாங்க. இவர் வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றிப் பார்த்தார். ஷெஃபீல்டு கத்தி, முள்கரண்டி செய்யும் ஊர். அங்கே வளர்ந்தவருக்குத் துப்பாக்கியைவிடச் சாப்பாட்டு மேசை முதலில் நினைவுக்கு வந்திருக்கிறது.

அவர் வைத்த பெயர் 'துருப்பிடிக்காத எஃகு'. 'கறைபடாத', ஸ்டெயின்லெஸ், என்ற சொல்லைத் தந்தவர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலைக்காரர். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதில் கம்பெனியோடு தகராறாகி 1915இல் பிரியர்லி வேலையை விட்டார். ஜெர்மனியில் குரூப் நிறுவனமும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் நிக்கலும் சேர்த்த இன்னொரு வகையைக் கண்டுபிடித்து 1912லேயே காப்புரிமை கேட்டிருந்தது. நம் வீட்டுப் பாத்திரங்களில் கிடைக்கும் '18/8' என்ற முத்திரை, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், அந்த வழியில் வந்தது. யார் முதல்லங்கிற சண்டையை விட்டுடுவோம்.

இது ஏன் கறைபடாது? மேலே இருக்கும் குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலம் போட்டுக்கொள்கிறது. கீறினால் மறுபடி தானாகவே போட்டுக்கொள்ளும். புளியோ தயிரோ அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. அதாவது ஈயம் பூசுறவரைப் பாத்திரத்துக்குள்ளேயே வேலைக்கு வெச்ச மாதிரி, சம்பளம் கிடையாது, கூப்பிடவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் அதற்கு வந்த பெயர் எவர்சில்வர். 'எப்போதும் வெள்ளி'. விளம்பரக்காரர் யாராவது யோசித்தாலும் இதைவிட நல்ல பெயர் வந்திருக்காது. சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அது சீர்வரிசைக்குள் நுழைந்தது. சேலத்தில் உருக்காலை வேண்டும் என்ற நீண்ட காலக் கோரிக்கைக்குப் பிறகு 1970இல் அடிக்கல் நாட்டினார்கள். 1981இல் அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்ட ஆரம்பித்தார்கள். தெருவில் ஈயம் பூசுபவர் வந்த நேரத்துக்கு இப்போது வேறொருவர் வந்தார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர். ரெண்டு பட்டுப்புடவைக்கு ஒரு தூக்குச்சட்டியா, சின்ன அடுக்கா என்று வாசலில் அரை மணி நேரம் பேரம் நடக்கும். வாங்கிய பாத்திரத்தில் 'இன்னாருக்கு இன்னார் அன்பளிப்பு' என்று தேதியோடு புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வைப்பார்கள். எங்க வீட்டுத் தட்டு ஒண்ணுல அப்படி ஒரு பேர் இருக்கு, அது யாருன்னு வீட்ல யாருக்குமே தெரியாது.

பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். நஷ்டம்தான். அடகு வைக்க முடிந்த சொத்து, அடகு வைக்க முடியாத சொத்தாக மாறியது. இப்போ சமூக வலைத்தளத்தில் பித்தளைப் பாத்திரத்தை அழகாகப் போட்டோ எடுத்து, 'பாட்டி வழிக்குத் திரும்புவோம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஏக்கத்தில் பங்கில்லை. அந்தப் பாட்டிக்குக் கிடைத்த முதல் வாய்ப்பிலேயே அவங்க பித்தளையைக் கடையில் போட்டாங்க. காரணம் இல்லாமலா போட்டிருப்பாங்க? தினமும் மூணு வேளை சாம்பலில் ஊறிய கை. நகச்சுத்து. அதிலிருந்து கிடைத்த விடுதலைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

சாம்பலும் போனது. இதில் காரண காரியம் சுவாரசியம். விறகடுப்பு எரிந்த வரைக்கும் தேய்க்கும் பொடி இலவசம். கேஸ் வந்ததும் பாத்திரத்தின் அடியில் கரி இல்லை, கொல்லையில் சாம்பலும் இல்லை. தமிழ்நாட்டில் 2006இல் வந்த திமுக ஆட்சி இலவச எரிவாயு அடுப்பு கொடுக்க ஆரம்பித்த பிறகு கிராமங்களிலும் இதேதான். அதுவரைக்கும் அடுப்பில் இருந்து அள்ளிய பொருளை இப்போது கடையில் வாங்க வேண்டும். சபீனா பவுடர், பிறகு விம் சோப்பு, பிறகு லிக்விட். விம் என்ற பெயர் புதுசு இல்லை. லீவர் பிரதர்ஸ் இங்கிலாந்தில் 1904லேயே அந்தப் பெயரில் தேய்க்கும் பொடி விற்றது. அடுத்து நார் போய் ஸ்டீல் நாரும் ஸ்பாஞ்சும் வந்தது.

சரி, இப்போ முக்கியமான இடம். எவர்சில்வர் பாத்திரம் தேய்க்காவிட்டாலும் மின்னும். லேசாகத் தண்ணீரில் அலசினாலே மின்னும். ஆனால் நம் மூளை இன்னும் பித்தளைக் காலத்து டெஸ்ட்டையே ஓட்டிக்கிட்டிருக்கு. மின்னுது, அப்போ சுத்தம். சாஃப்ட்வேர்ல இதுக்கு நல்ல உதாரணம் உண்டு. பழைய சிஸ்டத்துக்கு எழுதின டெஸ்ட் புது சிஸ்டத்துல எப்பவும் பச்சை விளக்கு காட்டும். எல்லாம் பாஸ் ஆகுதுன்னு சந்தோஷமா இருப்போம். உண்மையில அது எதையுமே செக் பண்றதில்ல.

ஏனென்றால் ஆபத்தே இடம் மாறிவிட்டது. முன்பு பாத்திரத்தில் இருந்து உலோகம் சாப்பாட்டுக்குள் போவது ஆபத்து. இப்போது மிஞ்சியிருப்பது கிருமி. இந்தக் 'கிருமி'யும் பழைய சொல்தான், வடமொழியில் அதற்குப் புழு என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் புழுவின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாத உயிருக்கு வைத்துக்கொண்டோம். ராபர்ட் கோக் 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, 1884இல் காலராவுக்குக் காரணமான பாக்டீரியாவை உறுதிப்படுத்தினார். அங்கே குளத்துத் தண்ணீரிலேயே அதைக் கண்டார். குடிக்கவும் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் மக்கள் பயன்படுத்திய அதே குளம். தெளிவாகத் தெரியும் தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

2017இல் ஜெர்மனியில் ஒரு குழு வீடுகளில் பயன்பட்ட 14 சமையலறை ஸ்பாஞ்சுகளை ஆராய்ந்தது. 362 வகை பாக்டீரியாக்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5000 கோடி வரை. எல்லாமே நோய் தருபவை இல்லை, பயந்துவிட வேண்டாம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், சுத்தம் செய்ய என்றே வைத்திருக்கும் பொருள்தான் அந்தச் சமையலறையிலேயே பாக்டீரியா மண்டிய இடங்களில் ஒன்று. அடிக்கடி சுத்தப்படுத்துகிறோம் என்று சொன்ன வீட்டு ஸ்பாஞ்சுகளும் தப்பவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள் என்பதே அவர்கள் சொன்ன யோசனை. தேங்காய் நாரை யாரும் மாசக்கணக்கில் வைத்திருந்ததில்லை. காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால்தானே தூக்கிப் போட மனசு வராது!

இன்னொரு முரணும் இருக்கு. பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் கலந்த தண்ணீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு சோதித்தபோது உயிருள்ள பாக்டீரியாவை எடுக்க முடியவில்லை. கரையும் செம்பின் மிகச் சிறிய அளவே கொல்கிறது. எவர்சில்வர் அதைச் செய்யாது. குழம்பில் நமக்கு வேண்டாத அதே கரைதல், குடிதண்ணீரில் நமக்கு உதவுகிறது.

இந்தத் தகவல் வாட்ஸாப்பில் போனால் அடுத்த வரி என்னவென்று எல்லாருக்கும் தெரியும். 'நம் முன்னோர்களுக்கு அன்றே கிருமி தெரியும்.' பத்து, எச்சில், தீட்டு எல்லாமே மாறுவேடம் போட்ட ஹைஜீன் என்று ஒரு வாதம். எச்சில் விதி சில இடங்களில் நல்லது செய்திருக்கும், மறுக்கலை. சமைத்ததையும் மற்றதையும் தனித்தனியாக வை என்பதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனா ஒரு கோடை டீபக் பண்ற மாதிரி யோசிங்க. ஒரே ஒரு வேரியபிளை மட்டும் மாத்திப் பாருங்க. அதே பாத்திரம், அதே சாம்பல், அதே தண்ணீர். தேய்த்த ஆள் மட்டும் வேறு. கிருமிதான் கவலை என்றால் ரிசல்ட் மாறக் கூடாது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடந்தது? பத்துப் பாத்திரம் தேய்க்க வரும் பெண் கொல்லைப்புற வழியாக வருவாள். கிணற்றடியில் எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்ப்பாள். அவள் கழுவி முடித்த பாத்திரத்தின் மேல் வீட்டு அம்மா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அல்லது தெளித்து, பிறகுதான் உள்ளே எடுப்பார். அந்த ஒரு சொம்புத் தண்ணீர் எந்தப் பாக்டீரியாவையும் கொன்றிருக்காது. அவள் குளித்துவிட்டு வந்திருந்தாலும் ஊற்றுவார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தாலும் ஊற்றுவார்கள். அங்கே கழுவப்பட்டது அழுக்கு இல்லை, அவள் தொட்டது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் குவளையில் கிருமி தேடவில்லை.

இது பழங்கதைன்னு விட முடியலை. மாடுலர் கிச்சன், சிம்னி, வாட்டர் ப்யூரிஃபையர் எல்லாம் இருக்கும் அபார்ட்மென்டில், சிங்க்குக்குக் கீழே அல்லது ஜன்னல் திட்டில் ஒரு தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வேலைக்கு வரும் அக்காவுக்குக் காபி கொடுக்க. அதுவும் அதே 18/8 ஸ்டீல். வீட்டில் உள்ள மற்ற எல்லா டம்ளரையும் தினமும் தேய்ப்பவர் அந்த அக்காதான். அவர் கை பட்ட டம்ளரில் நாம் குடிக்கிறோம், அவர் வாய் பட்டதில் மாட்டோம், எச்சில்தானே காரணம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்கு வரும் விருந்தாளி வாய் வைத்துக் குடித்த டம்ளர் கழுவிய பிறகு பொது டம்ளர் ஆகிவிடுகிறதே! எவர்சில்வருக்கு ஞாபகம் கிடையாது, கழுவினால் போய்விடும். இதுக்கு மேல அந்த டம்ளருக்கு ஹைஜீன்னு பேர் வைக்க யாராலயும் முடியாது.

சரி, கேட்டவங்களுக்காக அந்த டிப்ஸ். வேகமா சொல்லிடறேன்.

பளபளப்பை நம்பாதீங்க, ஈரத்தைப் பாருங்க. கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்துத் தண்ணீர் வடிய விட்டு, காய்ந்த பிறகு அடுக்குங்க. சிங்க் பக்கத்தில் எந்நேரமும் ஈரமாக் கிடக்கிற துணியை வெச்சுத் தட்டைத் துடைச்சா, கழுவினது வீண். ஸ்பாஞ்சை வாரா வாரம் மாத்துங்க, இல்லைன்னா நாருக்கே திரும்பிடுங்க, இது ஒண்ணுல மட்டும் பாட்டி கட்சி நான். கோழியைச் சிங்க்ல அலசுறது நம்ம பழக்கம். தெறிக்கிற தண்ணியோட பாக்டீரியாவும் தெறிக்கும்னுதான் பல நாட்டுச் சுகாதாரத் துறைகள் அலசாதீங்கன்னு சொல்றாங்க. அலசியே ஆகணும்னா, முதல்ல சிங்க்ல இருக்கிற பாத்திரத்தையெல்லாம் எடுத்துட்டு, குழாயை மெதுவாத் திறந்து அலசுங்க. முடிச்சதும் சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. கறி நறுக்கின அருவாமனையிலேயே வெங்காயம் நறுக்காதீங்க. சமைச்சதை ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளியில வைக்காதீங்கன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். சென்னை மே மாசம் முழுக்கவே அந்த ரேஞ்சுக்குள்ளதான் இருக்கு.

பித்தளை வாங்கியே தீருவேன்னு இருக்கறவங்க, உள்ளே ஈயம் பூசினதான்னு பாருங்க. பூசினது வெள்ளீயம் மட்டும்தானான்னு கேளுங்க. பதில் தெளிவா வரலைன்னா தண்ணி பிடிச்சு வைக்க மட்டும் பயன்படுத்துங்க. செம்புக் குடத்துல எலுமிச்சை ஜூஸ், மோர் ஊத்தி வைக்காதீங்க. உள்ளே ஸ்டீல் நாரும் போடாதீங்க, பூச்சு போயிடும்.

அடுத்த எபிசோடு மண்பானைத் தண்ணி ஏன் குளிருது, அதே தத்துவத்துல ஏர் கூலர் எப்படி வந்ததுங்கிறது பத்தி. உங்க வீட்டுப் பாத்திரத்துல வெட்டியிருக்கிற பேரு, தேதி ஏதாவது சுவாரசியமா இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. நாப்பது, அம்பது வருஷத்துக்கு முந்தினதா இருந்தா ரொம்ப சந்தோஷம்.